காவிரிக்கு வைத்த நீலக் கம்பளி

விஜயநகர், மைசூரு
9 ஜூன் 2024

அன்பு மருமகள் அனுப்ரியாவுக்கு, மாமா காளியப்பன் ஆசீர்வதித்து எழுதுவது.

இந்தப் பார்சலில் வரும் கதையை ஈரேழு பதினான்கு உலகத்திலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். போனில் சொல்லலாம்தான், வீடியோவில் என் முகமே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உன் அம்மா போன துக்கத்தில் நான் கலைஞனாகிவிட்டேன். பக்கத்துத் தெருவில் ஸ்வாதி என்ற பெண் கொலாஜ் வகுப்பு நடத்துகிறாள். காகிதம், துணி, பொத்தான், பெயின்ட் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் ஒட்டிக் கதை சொல்கிற வித்தை. முதல் நாளே நான் ஒட்டிய ஒட்டில் மேஜையும் என் வேட்டியும் ஒன்றாகி, தீயணைப்பு வண்டி வந்துதான் பிரித்தது. "அங்கிள், ஸ்வல்ப பசை போதும். கத்தரிக்கோல் வேண்டாம், கையால கிழிங்க. அப்பத்தான் ஓரம் உயிரோட இருக்கும்," என்றாள். நான் கிழித்த சத்தத்தில் அரண்மனைப் புறாக்கள் நஞ்சன்கூடு வரை பறந்தன.

நான் ஒட்டி இந்தப் பார்சலில் வைத்திருக்கும் படத்தில் இருப்பது உன் அம்மா, என் கமலம்மாள் அக்காவின் கடைசி ஊர்வலம். யானை, அவளுடைய காபித்தூள் பொட்டலத்தைக் கிழித்து ஒட்டியது. லட்சம் விளக்குகள், அவளுடைய மாத்திரை அட்டை. வழியனுப்ப ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரியே மேடேறி நம் வாசலுக்கு வந்தது. அது நீலக் கம்பளி. யானை மேலிருந்து அக்கா ஊருக்கே கேட்கக் கூவினாள்: "எம் புள்ள அனு எங்கடா?"

குழந்தைக்கு முத்தம்.
காளியப்பன்


கார்க், அயர்லாந்து
2 ஜூலை 2024

அன்புள்ள மாமா,

தமிழ்ல எழுதி நாளாச்சு, தப்பிருந்தா சிரிக்காதீங்க.

யானையைப் பார்த்துச் சிரிச்சேன். ஆத்தைப் பார்த்ததும் முடியலை. அது நான் அம்மாவுக்கு அனுப்பின ஸ்வெட்டர்தானே? "யாருக்கோ குடுத்துட்டேன்"னு சொல்லி அனுப்பினாங்களே. புதுசு மாதிரியே இருக்கு மாமா. ஒரு தடவைகூடப் போடலையா?

நான் கேட்காம கல்யாணம் பண்ணிக்கிட்டதிலிருந்து அம்மா என் போனை எடுக்கவே இல்லை. அவங்க போனப்போ நிறைமாசம்னு என்னைப் பிளேன் ஏறவும் விடலை. கடைசியா முகம் பார்க்கலை. அம்மா நிஜமாவே என்னைக் கேட்டாங்களா? சாமுண்டி மலையை நீங்கதான் தோள்ல தூக்கிட்டு வந்து வெச்சீங்கன்னு ஸ்கூல்ல சொல்லி அடி வாங்கினவ நான். இந்த ஒரு தடவை மட்டும் அளக்காதீங்க.

அனு


விஜயநகர், மைசூரு
28 ஜூலை 2024

அனு கண்ணு,

யானை பொய். விளக்கு பொய். காவிரி எங்கே வந்தது, அன்றைக்குக் குழாய்த் தண்ணீர்கூட வரவில்லை. அக்கா உன்னைக் கேட்கவில்லையம்மா. நான் உன் பேரை எடுத்தபோதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் மேல்தான் யானையை ஒட்டினேன்.

ஸ்வெட்டரை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. பீரோவில், அவள் தினமும் உடுத்துகிற சேலைகளுக்கு நடுவில் இருந்தது. வெளிநாடு போகிற படமாயிற்றே, கிழிசல் தெரியலாமா என்று இந்த மகா மேதை நல்ல முதுகுத் துண்டை மேலே வைத்து, கைகள் இரண்டையும் அடியில் போட்டு மெத்தையாக ஒட்டிவிட்டேன். ஸ்வாதி அப்போதே கத்தினாள்: "அய்யோ அங்கிள், அதுதான் கதை, அதைப் போய் மூடறீங்களே!" எனக்கு ஏறவில்லை.

வெந்நீரில் துணியை நனைத்து ஆற்றின் ஓரத்தில் வைத்துப் பிரி. படம் கிழிந்தால் கிழியட்டும். முழங்கைகள் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். ஓட்டையை மஞ்சள் நூலால் இழுத்துத் தைத்திருக்கிறாள். அந்தத் தையலும் தேய்ந்துபோய், அதன் மேல் பச்சை நூலால் மறுபடியும்.

மாமா சொன்னதில் அந்த இரண்டு கை மட்டும் நிஜம்.

காளியப்பன்