கண்ணுக்குள் ஒரு லோங்காங்

என் செல்ல அக்கா,

நீ இருந்திருந்தால் இந்தச் செய்தியை முதலில் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன். மறுநாள் காலைக்குள் நீ அதை நம் சுவா ஊர் முழுக்கக் கொண்டு சேர்த்திருப்பாய். நீ போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது ஊர்ச் செய்தி பரப்பும் வேலையை நான் ஒருவனே பார்க்க வேண்டியிருக்கிறது; கை போதவில்லை, வாய் போதும்.

செய்தி இதுதான். என் வலது கண்ணுக்குள் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அரிசி நொய்யை விடச் சின்னது. உன் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனதே, அதே கண் அழுத்த நோய்தான் எனக்கும். கூடப் பிறந்தவர்களுக்கு வர வாய்ப்பு அதிகமாம். மூக்கைத்தான் உன்னிடமிருந்து வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது என் கண்ணுக்காக அல்ல. உன் மகளுக்காக. அம்மாவுக்கு இருந்தது, தாய்மாமனுக்கும் இருக்கிறது, அவளும் ஒருமுறை கண்ணைக் காட்டிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவள் அசைவதாக இல்லை. உன்னைப் போலவே தலையை ஆட்டிவிட்டு, உன்னைப் போலவே போகாமல் இருக்கிறாள். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும் நோய் இது, வலிக்காது, போனது திரும்பாது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உன் கையைப் பிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போனவள் அவள்தானே.

பெண் பார்க்க வருகிறார்கள் அக்கா. அதுதான் பயம். கண்ணில் கோளாறு என்று ஒரு பேச்சு கிளம்பினால் என்ன ஆகும்? ஒருநாள் சாப்பிடும்போது நானே கேட்டுவிட்டேன்.

"ஏன்மா, போய்ப் பாத்தா என்ன? மாமா கூட வரேன்லா."

"நீங்க கூட வர்றதுதான் மாமா பிரச்சினை. ரிசல்ட் எனக்கு வர்றதுக்கு முன்னாடி பாசார்ல மீன் விக்கிறவருக்குத் தெரிஞ்சிடும்."

என் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே சிரித்தாள். மறுத்துப் பேச வாய் திறந்தேன். போன வாரம்தான் பக்கத்து வீட்டுக்காரரின் மூலநோயைப் பற்றி நான் கோயில் வாசலில் விரிவாகப் பேசியிருந்தேன். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.

என் கதைக்கு வருகிறேன். மூன்று விதச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். அதை எப்படி விடுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நீதான். "கிளினிக் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஊத்துனா போதும்டா, பிரஷர் கரெக்டா காட்டும். மத்த நாள்ல கண்ணு எரியுது, எதுக்கு?" நாம் வளர்ந்த முறை அப்படி. தோட்டத்துத் துரை நம் லயத்து வீடுகளைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்தால் முதல் நாள் சாயங்காலமே வாசலைக் கூட்டி, சாக்கடையைக் குச்சியால் குத்திவிட்டு, கோழியைக் கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து வைப்போம். துரை போனதும் கோழியும் வெளியே, குப்பையும் வெளியே. கண்ணையும் அப்படியே நடத்தினோம், நீயும் நானும்.

சிரம்பானில் என்னைப் பார்க்கிற டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பிள்ளை. அன்றைக்கு ரத்த அழுத்தத்தை அளப்பது மாதிரி கண் அழுத்தத்தையும் அளந்தார்கள், நன்றாக இருந்தது. பிறகு அந்தப் பெட்டிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சம் மின்னினால் பொத்தானை அமுக்கும் பரீட்சை. நான் வராத வெளிச்சத்துக்கெல்லாம் சேர்த்து அமுக்கினேன். மெஷின் கண்டுபிடித்துவிட்டது.

"அங்கிள், ஒவ்வொரு தடவையும் பிரஷர் நல்லா இருக்கு. ஆனா ஓரம் கறுத்துக்கிட்டே வருது. எனக்குப் புரியல. மருந்து தினமும் விடுறீங்கதானே?"

"தவறாம விடுறேன்மா."

பக்கத்தில் உன் மகள். அவள்தான் லீவு போட்டுவிட்டு எனக்குத் துணையாக வந்திருந்தாள். "பொய் டாக்டர். முந்தாநாள்தான் பாட்டில தொறந்தாரு. நான்தான் மூடியத் திருகிக் குடுத்தேன்." சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எங்கம்மாவும் இப்படித்தான்," என்றாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். நான் வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தப்பிப்பவன், உனக்குத் தெரியும். அன்றைக்கு நம் துரை கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க என்னைத்தான் துரைன்னு நினைச்சீங்களா அங்கிள்?" என்று மட்டும் கேட்டார்.

பெட்டிப் பரீட்சையின் முடிவாக, கறுப்பு விழுந்த ஒரு படத்தைக் கையில் கொடுத்தார்கள். வலது ஓரம் மையைக் கொட்டியது போல இருந்தது. அதைப் பார்க்கும்போது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. பெரியப்பா மகன் கல்யாணத்தில் நீ சந்தனக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாயே, சம்பந்தி வேட்டியெல்லாம் மஞ்சளாகி. அதை மைக்கைப் பிடித்து நடித்துக் காட்டியவன் நான். உன் நடை, நீ மோதின விதம், எல்லாம். மண்டபமே சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாக நீ சிரித்தாய். அந்தக் கிண்ணம் உனக்குத் தெரியவே இல்லை, இல்லையா? அப்போதே உனக்குப் புரிந்திருந்ததா? சிரித்தது எனக்காகவா?

இதற்கு மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அது பொருந்தவில்லை. வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை அக்கா.

கண்ணில் புரையும் இருந்ததால், புரையை எடுப்பதையும் குழாய் வைப்பதையும் ஒரே நேரத்தில் செய்துவிடலாம் என்றார் டாக்டர். விளக்கம் கேட்டேன். கண்ணுக்குள் எப்போதும் நீர் ஊறிக்கொண்டே இருக்குமாம். அது வெளியேற ஒரு வடிகால் உண்டு. வடிகாலின் வலை அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும், அழுத்தம் ஏறும், நரம்பு நசுங்கும். "ஓ, லோங்காங் அடைச்சிக்கிச்சு," என்றேன், நம் வாசல் சாக்கடையை நினைத்துக்கொண்டு. "அதேதான் அங்கிள், வீட்டு முன்னாடி இருக்கே அதே லோங்காங்தான். அதுல ஒரு சின்னக் குழாயச் செருகி வழி விடப் போறோம். போன பார்வை வராது. இருக்கிறதக் காப்பாத்தலாம்."

ஆபரேஷனுக்கு முந்தின இரவு நான் தூங்கவில்லை என்பதை என் மனைவியே ஊருக்குச் சொல்லிவிட்டாள், அதனால் நான் சொல்ல வேண்டியதில்லை. மேஜையில் படுக்க வைத்து, கண்ணை மரக்கச் செய்து, முகத்தை மூடி அந்த ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டார்கள். முழித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். புரையை எடுத்து லென்ஸ் வைத்த பிறகு தலையை ஒரு பக்கம் திருப்பச் சொன்னார். கண்மேல் கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்தார். பயத்தில் பேச ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் யார் யாருக்குப் புரை ஆபரேஷன் ஆனது, யார் யாருக்கு ஆகவில்லை என்று.

"அங்கிள், நீங்க பேசினா கண்ணு ஆடுது. குழாய் வைக்கிற வரைக்கும் மட்டும் பேசாதீங்க."

பேசவில்லை. ஐந்து நிமிடம் இருக்குமா? எனக்கு நினைவு தெரிந்து விழித்திருக்கும்போது அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை. வெள்ளையும் மஞ்சளுமாக வெளிச்சம் நீந்தியது. வலி இல்லை, யாரோ லேசாக அழுத்துவது போல இருந்தது. இந்தக் குழாய் நேரத்தோடு உனக்குக் கிடைத்திருந்தால் என்று ஒருகணம் நினைத்தேன். அப்புறம், கிடைத்திருந்தாலும் நீ போயிருப்பாயா என்று நினைத்தேன்.

இப்போது மூன்று சொட்டு மருந்து ஒன்றாகக் குறைந்திருக்கிறது. அதை விடுகிறேன், துரை வந்தாலும் வராவிட்டாலும். வலது ஓரம் இருட்டாகவேதான் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுச் சேவலுக்கு ஆயுசு கூடியது.

கட்டுப் பிரித்த அன்று காரில் திரும்பும்போது உன் மகள் சுங்கை காடுட் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள், முகத்தை என் பக்கம் திருப்பாமலே.

"உள்ள இருந்தப்ப நிஜமாவே பேசலியா மாமா?"

"ஒரு வார்த்தை பேசல."

"நீங்களா?"

"டாக்டர வேணும்னா கேளு."

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தாள். கொஞ்ச தூரம் போனபின், "அப்ப வியாழக்கிழமை எனக்கு லீவு," என்றாள்.

போனோம். அவள் உள்ளே அந்தப் பெட்டிக்குள் முகம் வைத்திருந்த நேரம் நான் வெளியே காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, "யாருக்குப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டார். "சும்மா ஏர்கான்ல உக்காரலாம்னு வந்தேன்," என்றேன். வெளியே வந்ததும் காரில் ஏறி, கதவைச் சாத்திவிட்டு, டாக்டர் சொன்னது முழுவதையும் அவள் என்னிடம் சொன்னாள்.

அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள் என்று சொல்லி அவளிடம் காட்டித்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இரண்டு இடத்தில் பேனாவால் அடித்திருக்கிறாள். என் மனைவி மூன்று நாளாகக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கோபமாக இருக்கிறாள். மீன்காரர் இலவசமாக நாலு கெம்போங் மீன் வைத்துக் கேட்டார். மீனை வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் அக்கா. வெள்ளிக்கிழமை உன் படத்துக்கு விளக்கேற்றும்போது அவளே சொல்வாள், அது அவளுடைய செய்தி.

நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அவள் எங்கே போகச் சொன்னாலும் கூடப் போவேன். யாரிடமும், எப்போதும், வாய் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மகளின் தாய்மாமன்,
உன் கடைசித் தம்பி