ஒன் பைபிள் எது, ஞானம்?

ஏட்டி ஞானம், என் ராசாத்தி,

நல்லா இருக்கியா? செத்துப்போனவகிட்ட இப்படிக் கேக்குறது கிறுக்குத்தனம்னு தெரியும். ஆனா ஒன் ஆளுக எல்லாரும் நீ நல்ல எடத்துல இருக்கன்னுதான அடிச்சுச் சொல்லுதாங்க, அப்போ கேட்டா என்ன தப்பு? இங்கன சாரல் ஆரம்பிச்சாச்சு. குத்துக்கல்வலசை வீட்டு மாடியில போட்ட துணி காயவே மாட்டேங்கு. ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதாம், ஊரே அங்கனதான் கெடக்கு. நான் போகல. போன வாரத்துல இருந்து எனக்கு ஒரு கவலை.

என்ன கவலைன்னா, பைபிள் வாங்கப் போனேன். எந்த பைபிள்னு தெரியல.

சிரிக்காத. திருநீறு பூசாம வாசப்படி தாண்டாத மனுசனுக்கு எதுக்கு பைபிள்னு கேப்ப. அச்சன்புதூர்ல எங்க அண்ணனும் அதத்தான் கேட்டான். "ஏலே, பென்ஷன் வாங்குத வயசுல மதம் மாறுதியா?" "மதமும் மாறல மண்ணும் மாறல, அவ படிச்சத நானும் படிக்கணும்"னேன். தலையில அடிச்சுக்கிட்டான்.

ஒன் பைபிள் இருந்திருந்தா இந்தப் பாடே இல்ல. ஒன்னிய அடக்கம் பண்ணுன அன்னைக்கு ஒன் தம்பி அத எடுத்து ஒன் கைக்குள்ள வச்சான். சரி, மரியாதைக்கு வைக்காங்கன்னு நெனச்சேன். எங்க பக்கத்துல சுடுகாட்டுக்குப் போனா கடைசியில தோடு, மூக்குத்தி எல்லாம் கழட்டி வீட்டு ஆள்கிட்ட குடுத்துருவாங்கல்லா. அது மாதிரி பெட்டிய மூடுததுக்கு முன்னால பைபிளையும் எடுத்து எங்கிட்ட குடுப்பாங்கன்னு கைய நீட்டிக்கிட்டு நின்னேன். யாரும் குடுக்கல. மூடியப் போட்டு அடிச்சிட்டாங்க. நீட்டுன கையப் பாத்துட்டு, ஆறுதலுக்குத்தான் நீட்டுதேன்னு நெனச்சு, ஒங்க சர்ச் போதகர் ஐயரு வந்து பிடிச்சுக்கிட்டாரு.

போன வாரம் தென்காசியில பைபிள் விக்கிற கடைக்குப் போனேன். கடையில நின்ன பொண்ணு, "எந்த மொழிபெயர்ப்பு அண்ணாச்சி?"ன்னு கேட்டா. அதுல இத்தனை தினுசு உண்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பழசு இருக்கு, புதுசு இருக்கு, எளிய தமிழ்ல ஒண்ணு, பக்கத்துக்குப் பக்கம் அடியில விளக்கம் போட்டது ஒண்ணு. ஒண்ணுல கர்த்தர்ங்குது, இன்னொண்ணுல ஆண்டவர்ங்குது.

"தெனமும் வாசிக்கவா, இல்ல உக்காந்து ஆராய்ச்சியா படிக்கவா?"

"எங்க வீட்டுக்காரி வச்சிருந்தது வேணும்மா."

"அவங்க எத வச்சிருந்தாங்க?"

"கறுப்பு உறை. ஜிப்பு வச்சது."

"எல்லாமே கறுப்புதான் அண்ணாச்சி"ன்னு பாவமாப் பாத்தா. களவாணிப்பய ஒவ்வொருத்தனுக்கும் மச்சம், தழும்புன்னு அங்க அடையாளம் எழுதுன ஏட்டு நான். பொண்டாட்டி கையில தெனமும் இருந்த புத்தகத்துக்கு ஒரு அடையாளம் சொல்ல வக்கில்ல.

ஆனா எனக்குக் காது இருக்குல்லா. காலையில நான் யூனிபார்ம் மாட்டிக்கிட்டு நிக்கும்போது, நீ அடுக்களையில சோறு கொதிக்க கொதிக்க சத்தமா வாசிப்ப. சீசன் டூட்டிக்குக் குத்தாலம் போகுத நாள்னா எனக்கு உள்ளுக்குள்ள உதறும். அருவியில தண்ணி கலங்கி வந்தா, சனத்த வெளிய ஏத்துததுக்கு நாங்கதான உள்ள எறங்கணும். எனக்கு நீச்சல் தெரியாதுன்னு ஸ்டேஷன்ல ஒரு ஆளுக்கும் தெரியாது, ஒனக்குத் தெரியும். அந்த நாள்ல எல்லாம் ஒரு வரி வாசிப்ப. "வெள்ளமே வந்தாலும் ஒன்னிய இழுத்துட்டுப் போயிராது, நான் ஒங்கூடத்தான இருக்கேன்." அதக் காதுல வாங்கிக்கிட்டுத்தான் பெல்ட்ட மாட்டுவேன்.

அந்த வரி எதுல இருக்கோ அதுதான் ஒன் பைபிள்னு முடிவு பண்ணிட்டேன். கடைப்பிள்ளையும் தங்கமான பிள்ளை. போன்ல தேடி, ஏசாயாங்கிற எடத்துல வெள்ளத்தப் பத்தி வாறதக் கண்டுபிடிச்சு, ஒவ்வொரு பைபிளா எடுத்து வாசிச்சா. நான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேன். பழசு பெரிய மேடையில நின்னு பேசுத மாதிரி இருந்துச்சு. எளிய தமிழ் நல்லாப் புரிஞ்சுது. ஆனா எதுலயும் ஒன் வரி இல்ல ஞானம். "இன்னொண்ணு இருக்கும்மா, நல்லாப் பாரு"ன்னேன். "இம்புட்டுதான் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டா.

வெறுங்கையோட பஸ்ஸுல வரும்போது ஒரு நெனப்பு வந்துச்சு. நீ படிச்சது ஒண்ணு, நான் படிக்கிறது ஒண்ணுன்னு ஆயிட்டா? ஒன் ஆளுக சொல்லுத அந்த நல்ல எடத்துக்கு நீ ஒரு வழியாப் போயிருப்ப. நான் வேற புத்தகத்தப் பிடிச்சுக்கிட்டு வேற எங்கயாவது போய் நின்னுட்டா? அந்தக் கூட்டத்துல ஒன்னிய எங்கன போய்த் தேட? பயமா இருக்கு ஞானம். மொதல்ல யார்ட்டயும் சொல்லல.

பொறவு மனசு கேக்காம நம்ம மகள்கிட்டயும் சொல்லிட்டேன். புளியங்குடியில இருந்து பிரிசி வந்திருந்தா. மொதல்ல சிரிச்சா. அப்புறம் மூக்க உறிஞ்சிக்கிட்டு, "அப்பா, அம்மா வச்சிருந்தது பழசுதான். ஆனா நீங்க சொல்லுத வரி எந்தப் பைபிள்லயும் கெடைக்காது"ன்னா.

"பின்ன அவ எதப் பாத்து வாசிச்சா?"

"எனக்கு வாசிச்சுக் காட்டும்போது புத்தகத்துல உள்ளபடிதான் வாசிப்பா. நீங்க டூட்டிக்குக் கெளம்புதப்போதான் மாத்தி மாத்திச் சொல்லுவா. ஏம்மா தப்புத்தப்பா வாசிக்கன்னு ஒருநாள் கேட்டேன். 'சும்மா இருட்டி, அப்பாவுக்குக் கேக்குதுல்லா'ன்னா."

அடிப்பாவி ஞானம்! ஒருநாளாவது சர்ச்சுக்கு வாங்கன்னு கூப்பிட்டிருக்கியா? இங்கன வந்து உக்காந்து கேளுங்கன்னு சொல்லிருக்கியா? ஒண்ணும் சொல்லாம, கையில கரண்டியோட நின்னுக்கிட்டு, அத்தனை வருசமும் எனக்குன்னு தனியா ஒரு பைபிள் வாசிச்சிருக்க. பிரிசி முன்னாலயே அழுதுட்டேன்.

மறுநாள் போய் பழசையே வாங்குனேன். "புரியுமா அண்ணாச்சி?"ன்னு கடைப்பிள்ளை கேட்டா. "புரியாது, குடு"ன்னேன். அர்த்தம் பாக்க எளிய தமிழ்லயும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு முழிக்கேன். பயம் போயிருச்சான்னு கேட்டா, இல்ல. ஒன்ன மாதிரி மாத்திச் சொல்ல எனக்கு வருமா? ஏறுக்குமாறாச் சொல்லித் தொலைச்சிட்டா ஒங்க ஆண்டவர் கோவிச்சுக்கிட மாட்டாரா? நீதான் பக்கத்துல இருந்து அவர்ட்ட எடுத்துச் சொல்லணும்.

ஆனா ஒண்ணு, சத்தியமாச் சொல்லுதேன். இனி காலையில சோத்த அடுப்புல வச்சிட்டு, நீ நின்ன எடத்துலயே நின்னு வாசிப்பேன். புத்தகத்துல உள்ளபடி ஒரு தடவ, பொறவு நம்ம பேச்சுல ஒரு தடவ, சத்தமா. ஏம்ப்பா தப்புத்தப்பா வாசிக்கீங்கன்னு பிரிசி கேட்டா, சும்மா இருட்டி, அம்மாவுக்குக் கேக்குதுல்லான்னு சொல்லுவேன்.

கேக்குதுல்லா, ஞானம்?

நீ ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத,
பிரிசி அப்பா