கழற்றப்பட்ட மூடி

மார்ச் 4, செவ்வாய்
காலையில் கம்பெனி முதலுதவி அறையில் தலைவலி மாத்திரைக்கு ஏழு பேர். பஞ்சு கேட்டு ஸ்டோருக்கு மூன்றாவது முறையாக எழுதிக் கொடுத்தேன். இரண்டே காலுக்கு பிரஸ் மெஷினிலிருந்து, நாங்கள் வாயாடி என்று கூப்பிடும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. நாளெல்லாம் ஓயாமல் பேசுகிறவள், அழக்கூட இல்லை. "மூடி இல்லாமலே ஓட்டச் சொன்னாங்கக்கா" என்றாள், அவ்வளவுதான். கம்பெனி வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ப் பார்த்தேன். மெஷினில் பாதுகாப்பு மூடி இல்லை. திருகு இருந்த ஓட்டைகளில் பழைய கிரீஸ் அடைத்திருந்தது. விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 5
மேனேஜர் கூப்பிட்டார். எங்கள் சர்ச் சபையில் மூப்பரும் அவர்தான். மூடியை அவளே கழற்றினாள் என்று மாற்றி எழுத வேண்டுமாம். எழுதினால் அவளுக்கு நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. "மன்னிக்கிறதுதானே சிஸ்டர் நம்ம விசுவாசம்?" என்றார். யாரை யார் மன்னிப்பது? விரல் போனவளைக் கேட்டாரா? "மன்னிக்கலாம் சார். பொய் எழுத மாட்டேன்" என்றேன். வெள்ளி வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார். பெரிய மனசுதான்!

மார்ச் 6
வீட்டில் ரகளை. இரண்டு சம்பளமும் அங்கிருந்துதான், குடியிருப்பதும் கம்பெனி வீடு. ஒரு வரிதானே, எழுதித் தொலை என்று கத்திவிட்டு அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அந்த ஒரு வரியில்தானே அவள் பிழைப்பு இருக்கிறது? ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கு. ரொம்பப் பயமாக இருக்கு.

மார்ச் 7
மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு
நேற்றே கடிதம் வந்துவிட்டது: முதலுதவி அறையிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றல். இன்று சர்ச்சில் திருவிருந்து. திராட்சரசக் கிண்ணத்தோடு வந்த மூப்பர் என் முன்னால் தயங்கினார். எழுந்து போய்விடுவேன் என்று நினைத்தாரோ? நான் ஏன் போகணும்? அது என்ன அவர் அப்பன் வீட்டுச் சொத்தா? முகத்தைப் பார்த்துக்கொண்டே வாங்கிக் குடித்தேன். அவர்தான் தலையைக் குனிந்தார். வெளியே பக்கத்து வீட்டம்மா, கொஞ்சம் வளைந்து கொடுக்கக் கூடாதா என்றார். சிலுவையில் தொங்கியவர் வளைந்து கொடுத்திருந்தால் நமக்குக் கோயிலே இருந்திருக்காது என்றேன். வாய் எனக்கு ஜாஸ்திதான்.

மார்ச் 12
பதிவேட்டில் என் பக்கத்தைக் கிழித்துவிட்டார்களாம். கிழித்தால்? எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். திரும்ப எழுதித் தொழிலாளர் ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 20
ஆய்வாளர் வந்தார். வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

மார்ச் 21, வெள்ளி
சாயங்காலம் அவர் நடந்தே வந்தார். வேன் எங்கே என்றேன். சாவியைப் பிடுங்கிக்கொண்டார்களாம். ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். என்னவென்று? செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "ஜனவரியில அந்த மூடிங்களை எல்லாம் குடோனுக்கு ஏத்திட்டுப் போனதே நான்தான். வேலை வேகமா நடக்கணும்னு கழட்டச் சொன்னாங்க. இன்னும் அங்கதான் கிடக்கு. கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டேன்."

பதினேழு நாள்! என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன்! வாயில் வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பது எப்போதும் நான்தான். இன்று அவரே தொடங்கினார். வாயாடியின் பெயரை முதலில் சொன்னார்.