இடக்கைப் பிடி

மச்சான்,

இன்று கடையில் ஒரு கமராவின் உடைந்த மூடியை ஒட்டப் பசை குழைத்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதோடு வேலை ஓடவில்லை. நீ இடக்கைப் பிடி செய்த மாதங்களில் எங்கள் ஸ்டூடியோ முழுக்க இதே நெடிதான்.

மண் கிளறும்போது வெடித்த மிதிவெடி உன் வலக்கையில் பெருவிரலை மட்டும் விட்டுவைத்தது. கமராக்களுக்கோ பொத்தானும் சக்கரமும் வலப்பக்கம். "செய்தவங்களுக்கு ரெண்டு கையும் இருந்திருக்கு, பாவங்கள்" என்று சிரித்தாய். உள்ளிருந்து வயர் இழுத்து, இடப்பக்கம் மரப்பிடி பொருத்தி, ஒரு பொத்தானும் இரண்டு சக்கரங்களும் வைத்தாய். ஒன்று வெளிச்சத்துக்கு, மற்றது வேகத்துக்கு. முதலில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. சுன்னாகத்தில் ஒரு செத்தவீட்டில், தாய் சவப்பெட்டியின் மேல் விழுந்த நேரம் மாறித் திருப்பிவிட்டாய். படம் கரிக்கட்டையாக வந்தது. அன்றே ஒரு சக்கரத்தை அரத்தால் அராவி வரிவரியாக்கினாய். மற்றதை வழவழவென்று விட்டாய். என் கண்ணைக் கட்டிக் கமராவைக் கையில் திணித்தாய்.

"விரல் யோசிக்கக் கூடாதடா. யோசிச்சா நான் செய்தது பிழை."

அதன்பிறகு உன் படம் ஒன்றும் தவறவில்லை. ஆனாலும் செத்தவீட்டுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டார்கள். "ஒருக்காத் தாலி கட்டிற நேரத்தை நான் எடுக்கோணும்" என்பாய். உடுப்பிட்டியில் ஒரு கலியாணம் கிடைத்தது. புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தாய். மாப்பிள்ளையின் மாமா உன் கையைப் பார்த்தார்.

"நல்ல காரியம் தம்பி, குறை நினையாதேங்கோ. மற்றத் தம்பி எடுக்கட்டும்."

"ஓம் ஐயா" என்றாய். லைற்றுகளை எனக்குத் தூக்கித் தந்துவிட்டு, மேளம் கேட்கும் தூரத்தில் எங்கள் வான் வண்டிக்குள் போய் இருந்தாய். அந்தக் கலியாணச் சோற்றை நானும் தின்னவில்லை.

போன மாரியில் டெங்கு உன்னை ஒரு கிழமைக்குள் கொண்டுபோனது. கலியாணம் ஒன்றும் எடுக்காமலே போய்விட்டாய், நாசமாய்ப் போன ஊர்.

உன் செத்தவீட்டை உன் கமராவால்தான் எடுத்தேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. விரல் தானாகப் போய்ச் சரியான சக்கரத்தைப் பிடித்தது. அப்போது உன் பெரியம்மா உன் வலக்கையைச் சால்வையால் மூடினா.

"கனடாவுக்குப் போற படம் தம்பி. உந்தக் கையை மறைச்சு எடு."

சால்வையை இழுத்து எறிந்தேன். கையை நெஞ்சின் மேல் வைத்து, கிட்டப் போய் எடுத்தேன். கனடாவில் உன் சொந்தக்காரர் எல்லார் வீட்டுக்கும் அந்தப் படத்தைத்தான் முதலில் அனுப்பினேன்.

துக்கம் மெல்ல ஆறுகிறது, மச்சான். கோபம் ஆறவில்லை. பெரியம்மா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கதைக்கவும் வேண்டாம்.