அண்ணாந்து பார்க்கிற வேலை

அன்புள்ள அம்மாவுக்கு, மூத்தவன் வணங்கி எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம், கழுத்துதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.

நாள் முழுக்க அண்ணாந்து கூரைப் பலகை பொருத்தியதில் கழுத்து அப்படியே பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்ப வேண்டும். மேஸ்திரி எல்லோரையும் நிறுத்திவைத்து, நாலு பக்கமிருந்தும் கூப்பிடச் சொல்லி என்னைச் சுற்றவிட்டார். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

அப்புறம் வலி வலது தோளில் இறங்கி, விரல்கள் மரத்து, துளைபோடும் மெஷின் கைநழுவி விழுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதே. டாக்டர், "கழுத்தெலும்புகளுக்கு நடுவுல நரம்பு நசுங்குது. இனி அண்ணாந்து செய்யற வேலையே கூடாது" என்றார். மேஸ்திரியிடம் சொன்னேன்.

"உனக்கு ஒரு தம்பி இருக்கான்ல? அவன் கழுத்து நல்லா இருக்கா?" என்று கேட்டார். "அவன் வர்ற வரைக்கும் நீயே ஏணியில ஏறு."

இங்கே வருகிறவர் யாரிடமாவது என் பழைய தலையணையைக் கொடுத்தனுப்பு. இங்குள்ளது கல். இடது கையால் எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள். வேலைக்கு ஏற்றிப்போகிற வண்டி வந்துவிட்டது.

உன் நம்பரை மேஸ்திரி வாங்கிக்கொண்டார். தேனொழுகப் பேசுவார். சின்னவனுக்குப் பிறந்ததிலிருந்தே கழுத்து வலி என்று சொல்லிவிடு.