மாமன் சீராக மாட்டிய தகடு

ஆவணி 4, புதன். தூறல்.

அப்பு, நீ போய் இன்றோடு பதினாறு நாள். துவைத்தது காயவில்லை. வாங்க வேண்டியது: சோப்பு, வத்திப்பெட்டி. தேங்காய் எண்ணெயும் தீர்ந்தது. அது வேண்டாம்.

மதியம் உன் மாமன் வந்தான். கூடப் பிறந்த தம்பி. கையில் பிஸ்கட். கனகம்மாசத்திரத்தில் கார் சாமான் கடையை மூடிவிட்டு வந்தானாம். உட்காரவில்லை, அதற்குள் ஆரம்பித்தான்.

"அக்கா, வண்டி ஸ்டேஷன்லதான நிக்குது? நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வராராம். அதுக்குள்ள அந்தத் தகட்டக் கழட்டிடறேன். ஏட்டு நம்ம ஆளு."

"ஏன்டா?"

"வாடகை வண்டில கம்பெனி பெடல் மேல எதுவும் மாட்டக் கூடாதாம்க்கா. கேஸ்ல என் கடைய இழுப்பாங்க."

நீ டாக்ஸி ஓட்ட வண்டி எடுத்த அன்று தாய்மாமன் சீர் என்று தாம்பாளத்தில் பூவோடு தூக்கி வந்தானே, அதே தகடு. பளபளவென்று. ரப்பரை மூடி மூன்று பெடலிலும் முடுக்கினான். "ரேஸ் வண்டி மாதிரி கீது பாரு மாப்ள." நானும்தான் சிரித்தேன். கிருத்திகைக்கு மாலை போட்டு வெறுங்காலோடு மலையில் ஓட்டுவாய் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

கழட்டாதே என்றேன்.

"அப்ப அவனே வாங்கி மாட்டிகினான்னு சொல்லிடு. செத்தவன் மேல போட்டா யாருக்கு இன்னா நஷ்டம்?"

தூ.

அவன் குடித்த டம்ளரைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். இன்னும் அவன் வாடை. பிஸ்கட்டை நாய் மோந்துவிட்டுப் போயிற்று.

ஆவணி 5, வியாழன். வெயில்.

விடிந்ததும் ஸ்டேஷன். வண்டி மேல் ஈ. முன்பக்கம் நசுங்கல். சீட்டில் உன் காவித் துண்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பிரேக்கைக் கையால் அமுக்கினார்.

"பிரேக் நல்லாதான்மா இருக்கு. மழை, ஈரக்கால், செருப்பு இல்ல, மேல இந்தத் தகடு. எப்படி நிக்கும் கால்? யார் மாட்டினது?"

"என் தம்பி."

கேட் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தான் அவன். "நீயெல்லாம் கூடப் பொறந்தவளா?"

"ஆங், அதனாலதான் சொல்றேன்."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குள் இன்ஸ்பெக்டர் தகட்டில் விரலைத் தேய்த்து மோந்து பார்த்தார்.

"என்னம்மா, எண்ணெய்ப் பிசுக்கு?"

"தெரியாதுங்க" என்றேன்.

ஆவணி 6, வெள்ளி.

உலை வைக்கவில்லை. என் கையைப் பார்த்தால் குமட்டுகிறது. இதையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாயிற்று.

கிருத்திகையன்று விடியலில் வண்டிக்குப் பூ வைத்து, பொட்டு வைத்து, மூன்று தகடும் மின்னட்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தவள் நான். நீ பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தாய். "போதும்மா, மூஞ்சியே தெரியுது."

மாமனைச் சொன்ன வாய்க்கு இதைச் சொல்ல வரவில்லை. அவனைவிட நான் எதில் உசத்தி.

மலையிலிருந்து இறங்கும் கடைசி வளைவில், பிரேக்கில் கால் வைத்தபோது பிசுபிசுவென்று இருந்ததா, அப்பு?