அங்கித் தாத்தாவுக்கு ரெண்டு சுருட்டு

19 ஜனவரி 2025, ஞாயிறு

காலையிலிருந்து குழாயில் தண்ணீர் வரவில்லை. பவதாரிணிதான் சமையலறைக்கு வந்து நின்றாள். "அம்மா, நான் அசோக்கைத்தான் கட்டிக்கிருவேன்."

அசோக்குமார், அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். பேரைக் கேட்டு நானும் ஏமாந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிதார் வாசிக்கிற பையனாம்.

என் தம்பி சுருளியின் மகனுக்குத்தான் இவள் என்று பத்து வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். சுருளி முகத்தில் எப்படி முழிப்பது? வீட்டுக்காரரிடம் சொன்னேன். ராஜபாண்டி பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பையன் உசரமா இருக்கானா?" என்றார். இவரிடம் போய்ச் சொன்ன என்னைச் சொல்லவேண்டும்.

26 ஜனவரி, ஞாயிறு

பையன் வீட்டுக்கு மரியாதைக்குப் போனோம். போனதும் பையனின் அம்மா சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார். வெள்ளை அங்கி, அரிவாள் மாதிரி மீசை. "எங்க மோசே ஐயர்." அவர்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்பார்களாம். "நாங்க ஐயர் பரம்பரை. முன்னாடி பேரு மொக்கையனாம். செக்கானூரணிக்கு மேக்க ஏதோ ஊராம்."

காப்பி புரையேறிவிட்டது எனக்கு. மொக்கையன் என் வீட்டுக்காரரின் பூட்டன்! வேதத்தில் சேர்ந்து பாதிரியானவர். அவருடைய மூத்த மகன் மட்டும் அத்தை மகளைக் கட்டுவதற்காகத் திரும்பி வந்தான். அந்தக் கிளைதான் நாங்கள். குலசாமி கோயில் ஓரத்தில் அவருக்கு ஒரு கல்லும் நட்டிருக்கிறோம். அங்கித் தாத்தா. சிவராத்திரிக்குச் சிவராத்திரி சுருட்டு வைத்துக் கும்பிடுகிறோம்.

அப்படியென்றால் இவர்கள் பங்காளிகள். பங்காளி பிள்ளைகள் அண்ணன் தங்கை. கல்யாணம் கூடாது. அங்கித் தாத்தா, நீர் இத்தனை வருஷம் ஊதிய சுருட்டுக்கு இன்றுதான் வேலை செய்தீர்.

"ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் காப்பி?" என்றான் பையன்.

"என்ன ஆன்ட்டி? நாங்க மூத்த கிளை. பெரியம்மான்னு கூப்பிடு" என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் காப்பி குடிக்கவில்லை.

27 ஜனவரி, திங்கள்

பவதாரிணி அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "விசாரிச்சுட்டு வந்து சொல்லும்மா. அண்ணன் முறைதான்னா நானே விட்டுர்றேன். நீ பொய் சொல்ல மாட்டே" என்றாள்.

விசாரிப்பதா பெரிய காரியம்? இருபத்திரண்டு வருஷமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட் நான். உங்கள் அப்பா எதில் செத்தார், தாத்தா எதில் செத்தார் என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பிழைக்கிறவள்.

கேட்கிறவர்களிடமெல்லாம் "மதம் எனக்குத் தடையில்லை, முறைதான் இடிக்குது" என்று சொல்லி வருகிறேன். பச்சைப் பொய். கல்யாணத்துக்குப் பிறகு என் பிள்ளை சிவராத்திரிக்கு என் பக்கத்தில் நின்று பொங்கல் வைக்கமாட்டாளோ என்றுதான் பயம். அதை யாரிடம் சொல்ல?

2 பிப்ரவரி, ஞாயிறு

ஐயர் முதலில் குடியிருந்த வீடு செக்கானூரணிக்கு மேற்கே இருக்கிறது. ஊரில் இன்னமும் 'ஐயர் பங்களா' என்கிறார்கள். பங்களாவில் மிச்சம் இரண்டு சுவர். உள்ளே பதினோரு ஆடுகள், ஒன்றுக்குக்கூடப் பக்தி கிடையாது.

கோயில் சாவி வைத்திருக்கும் சின்ன மாமனார் நல்லகாமனைக் கேட்டேன். "பங்காளிதாம்மா. சந்தேகமே இல்ல. எழுதிக் குடுக்கவா?" என்றார். செத்துப்போன ஆளை உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுத்து என் பாலிசி ஒன்றில் மண்ணைப் போடப் பார்த்தவர் இவர். எழுத்து வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டாவது வீடு சிம்மக்கல் சந்துக்குள். இப்போது பிளாஸ்டிக் சாமான் குடோன். வாசல் நிலையில் ஒரு சிலுவை செதுக்கியிருக்கிறது, அதன் மேல் ஆணி அடித்துப் பச்சை வாளி தொங்கவிட்டிருக்கிறார்கள். ஐயரைப் பற்றிக் கேட்டால், "அக்கா, டஜனா, சில்லறையா?" என்கிறான் குடோன் பையன்.

திரும்பும்போது ஸ்கூட்டி பஞ்சர். உச்சி வெயில். எதிரே அசோக் பைக்கை நிறுத்தினான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பஞ்சர் கடையில் விட்டு, என்னை வில்லாபுரத்தில் எங்கள் வீடு வரை கொண்டுவந்து இறக்கினான். "பாத்து இறங்குங்க பெரியம்மா." குத்தலே இல்லை. மனசாரக் கூப்பிடுகிறான், சனியன்.

12 பிப்ரவரி, புதன்

பவதாரிணி போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அது உறுமுகிறது. யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. பதில் தெரிகிற வரை பேசக்கூடாது என்று இரண்டு பேரும் முடிவு பண்ணியிருக்கிறார்களாம். நான் கேட்கவேயில்லையே இதை!

16 பிப்ரவரி, ஞாயிறு

கடைசி வீடு திருமங்கலத்தில். அங்கே ஐயரின் கடைசி மகன் வயிற்றுப் பேத்தி செல்லத்தாய் இருக்கிறார். எண்பத்தோரு வயது, ரிட்டயர்டு நர்ஸ், கல்யாணம் ஆகாதவர். உட்காரச் சொல்லும் முன்பே என் நாடியைப் பிடித்துப் பார்த்து, "பிரஷர் இருக்கு உனக்கு" என்றார்.

ஐயரின் பைபிளை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் ஐயர் கைப்பட ஆறு பிள்ளைகளின் பேர், பிறந்த தேதி. முதல் பேர் எங்கள் கிளை. அதன் மேல் ஒரு கோடு.

"திரும்பிப் போனாருல்ல, அன்னைக்கு அடிச்சது. அப்புறம் சாகுற வரைக்கும் மகனப் பாக்கவே இல்ல" என்றார் செல்லத்தாய். ஒரே கோடுதான். உள்ளே பேரை நன்றாகப் படிக்க முடிகிறது.

"அசோக் வீடு எந்தக் கிளை?" என்றேன்.

அவர் விரல் நாலாவது பேரில் நின்றது. எஸ்தர் முத்துத்தாய்.

"இது மகளாச்சே!"

"மகதான். எஸ்தரோட மகன் வயித்துப் பேரன்தான் அந்தப் பையனோட அப்பன். அவுகளுக்கே இது மறந்துபோயிருக்கும்."

"ஐயர் பரம்பரைன்னாங்களே."

"பெறகு என்ன சொல்லுவாக? எஸ்தர் புருஷன் ஆஸ்டல் சமையக்காரரு. அவரப் படம் போட்டா மாட்டுவாக?"

மகன் வழி என்றால்தான் பங்காளி. நாங்கள் அண்ணன் கிளை, அவர்கள் தங்கச்சி கிளை. மாமன் மச்சான். அசோக் அண்ணன் இல்லை, முறைமாப்பிள்ளை. சுருளி மகனுக்கு என்ன உரிமையோ அதே உரிமை. அதை நானே பெட்ரோல் போட்டு, வீடு வீடாய் ஏறி இறங்கிக் கண்டுபிடித்திருக்கிறேன்.

வாய் சும்மா இருக்காமல், அங்கித் தாத்தாவுக்குச் சுருட்டு வைப்பதையும் உளறிவிட்டேன். அடிக்க வருவார் என்று நினைத்தேன். "சுருட்டு ஐயருக்குப் பிடிக்கும். பைபிள்ல எழுதி வைக்கல, அம்புட்டுதான்" என்றார்.

17 பிப்ரவரி, திங்கள்

சொல்லவில்லை.

19 பிப்ரவரி, புதன்

"என்னம்மா, தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். "இன்னும் ஒரு வீடு பாக்கி" என்றேன். சரி என்று தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். சோற்றை அளைந்துதான் வைத்திருந்தாள்.

ஒரு வீடும் பாக்கியில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சுருளி சந்தோஷப்படுவான். நீ பொய் சொல்ல மாட்டே என்றாளே — அவளுக்கு எப்படித் தெரியும், நான் மாட்டேன் என்று? அந்தக் கோடுதான் கண்ணிலேயே நிற்கிறது. அந்த மனுஷனாவது இங்க்கில் அடித்தார். நான் வாயை மூடிக்கொண்டே அடிக்கிறேன்.

25 பிப்ரவரி, செவ்வாய்

நாளை சிவராத்திரி. மத்தியானம் சுருளிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். வைதான். வாங்கிக்கொண்டேன். அப்புறம் அசோக்கைக் கூப்பிட்டு, வரும்போது நல்ல சுருட்டு ரெண்டு வாங்கிவரச் சொன்னேன்.

ஆறு மணிக்கு வந்தான். சர்ச்சுக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று சுருட்டை மருந்துக் கவருக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தான். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பவதாரிணி சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப் பெரியம்மா சுருட்டு?"

"உங்க எஸ்தர் பாட்டியோட அப்பாவுக்கு. நாளைக்கு நீயே வந்து வையி. இன்னொண்ணு, இந்தப் பெரியம்மாவெல்லாம் இனி வேண்டாம்" என்றேன், மிக்ஸிக்கு மேலே கேட்கிற மாதிரி. "அத்தைன்னு கூப்பிடு."

மிக்ஸி நின்றது.